பத்திரமாக இருக்கிறது

நம் வீடுகளில் தினமும் சொல்லப்படும் பொய்களுக்குப் பட்டியல் போட்டால், "இதோ வந்துகொண்டே இருக்கிறேன்" என்பதற்கு முதலிடம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டாம் இடத்துக்கு "பத்திரமாக இருக்கிறது" என்பதைச் சிபாரிசு செய்வேன். நிலத்துப் பத்திரம், பாட்டியின் மூக்குத்தி, பையனின் பிறப்புச் சான்றிதழ் எதைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். கேட்டவர் எழுந்து போய்ப் பீரோவைத் திறந்து பார்ப்பதில்லை. சொன்னவரும் பார்ப்பதில்லை. ஒருவருக்கு நிம்மதி, மற்றவருக்குப் பெருமை. பொருள் மட்டும் இருட்டில் தன் பாட்டுக்கு எலிக்கோ ஈரத்துக்கோ இரையாகிக் கொண்டிருக்கும்.

இதைப் பொய் என்று சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். பொய் என்றால், இல்லை என்று தெரிந்துகொண்டே இருக்கிறது என்பது. இவரோ இருக்கிறது என்று மனசார நம்பித்தானே சொல்கிறார்? நானும் அப்படித்தான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். இருபது வருஷம் என் அக்காவுக்கு அந்தப் பதிலையே சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

என் தாயார் 1998-இல் காலமானாள். அதற்கு ஐந்து வருஷம் முன்பு, ஒரு மழைக்கால மாலையில், அத்தான் ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து அவள் எதிரே வைத்து, "ஏதாவது பேசுங்கள், அத்தை" என்றார். அம்மா முதலில் வெட்கப்பட்டாள். பிறகு ஒரு மணி நேரம் பேசினாள். வாழ்க்கைப்பட்டு வந்த கதை, மாமியார் கரண்டியால் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு, 1952 புயலில் மாட்டுக் கொட்டகையின் கூரை பறந்தது, எல்லாம் அதில் வரும். நடுவில் ஓரிடத்தில், அக்காவுக்கும் எனக்கும் இடையே பிறந்து நாற்பது நாள் இருந்து போன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வாள். அவன் பெயரையும் சொல்வாள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டது அங்கே மட்டும்தான்.

2003-இல் ஒரு கடையில் கொடுத்து அந்த ஒலிநாடாவை இரண்டு குறுந்தகடுகளாக மாற்றினேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. என்னுடையதை ஒரு தடவை முழுக்கக் கேட்டேன். உடனே கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஏற்றியாகிவிட்டதே என்ற தைரியத்தில், வீடு மாறும்போது நாடாவையும் என் தகட்டையும் பழைய சாமான்களோடு போட்டுவிட்டேன். அதன் பிறகு நான் அசட்டையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் மாறும்போதெல்லாம் கோப்புகளை மாற்றினேன். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அது பழசானதும் இன்னொன்று வாங்கினேன். ஆக, அம்மாவின் குரல் மூன்று இடங்களில் இருந்தது. அக்கா திருச்சியிலிருந்து பேசும்போதெல்லாம், "ஏண்டா, அம்மா குரல் பத்திரமா இருக்கா?" என்பாள். "பத்திரமா இருக்கு, அக்கா" என்பேன்.

2023-இல் அக்காவுக்குப் பேரன் பிறந்தான். அந்த நாற்பது நாள் பிள்ளையின் பெயரை அவனுக்கு வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. "எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனாலும் அம்மா வாயால ஒரு தடவை கேட்டுட்டு வைக்கணும். போட்டுக் கேட்டுச் சொல்லு" என்றாள். போட்டேன். முப்பத்தோராவது நிமிஷம் வரைக்கும் அம்மா பேசினாள். பிறகு கரகரவென்று ஓர் இரைச்சல் நாற்பது விநாடி நீடித்தது. மறுபடி அம்மாவின் குரல் எழுந்தபோது அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள். பதறிப்போய் இரண்டாவது பிரதியைப் போட்டேன். அதே இடத்தில் அதே இரைச்சல். மூன்றாவதிலும் அப்படியே.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு உடனே போன் செய்து, "கேட்டேன், இன்ன பெயர்தான்" என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. சந்தேகமே இல்லை. நிச்சயமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்வதில் என்ன தவறு, எதற்காக அவள் மனசைப் புண்படுத்துவது என்று ஒரு முழு இரவு என்னோடு வாதாடினேன். காலையில் உள்ளதைச் சொன்னேன். சொல்லும்போது, எனக்கு ஞாபகமிருந்த பெயரையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பேர் இல்லையேடா" என்றாள். அவள் வேறொரு பெயரைச் சொன்னாள். அப்போது அவளுக்கு நாலு வயசு. தொட்டிலை ஆட்டியவள். நான் பிறக்கக்கூட இல்லை. ஆனால் அம்மா சொன்னதைக் காதால் கேட்டவன்.

வில்லியம் கிளிஃபோர்டு என்று இங்கிலாந்தில் ஒரு கணித அறிஞர் இருந்தார். முப்பத்து மூன்று வயசில் இறந்துபோனவர். 1877-இல் நம்பிக்கையின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல்காரன் வருகிறான். அவன் கப்பல் பழசு. பல தடவை பழுது பார்த்தது. நாட்டைவிட்டுப் புறப்படும் ஏழைக் குடும்பங்கள் அதில் ஏறக் காத்திருக்கின்றன. இது கடல் தாங்குமா என்று அவன் மனசில் ஒரு சந்தேகம் எழுகிறது. சோதித்துப் பார்த்தால் செலவு. இத்தனை பயணம் போய்த் திரும்பிய கப்பல்தானே, கடவுள் இருக்கிறார் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொள்கிறான். கடைசியில் மனப்பூர்வமாக நம்பிவிடுகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் குற்றவாளியா? ஆம் என்கிறார் கிளிஃபோர்டு. அவன் நம்பியது உண்மைதான், ஆனால் அவன் கையிலிருந்த ஆதாரத்தைக் கொண்டு அப்படி நம்புவதற்கு அவனுக்கு உரிமை கிடையாது என்பது அவர் தீர்ப்பு. அதோடு விடவில்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்கிறார்.

இளம் வயசில் இதைப் படித்தபோது, மனுஷர் ரொம்பக் கண்டிப்பானவர் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. நான் அக்காவிடம் "பத்திரமா இருக்கு" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், அந்தக் கப்பல்காரனின் வாயால்தான் சொல்லியிருக்கிறேன். இருபது வருஷத்தில் ஒரு முறையாவது முழுக்கப் போட்டுக் கேட்டிருந்தால் அந்தப் பதிலுக்கு எனக்கு உரிமை இருந்திருக்கும்.

"மூன்று பிரதி வைத்திருந்தேனே" என்பதுதான் என் தரப்பு வாதம். அந்த வாதம் எங்கே ஓட்டையாகிறது என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எழுத்து இரண்டே இரண்டு: ஒன்று, பூஜ்யம். அம்மாவின் குரலும், கல்யாணப் படங்களும், நான் எழுதிய நாவலும் அதற்கு ஒன்றும் பூஜ்யமுமாக நீண்ட ஒரு வரிசை. காந்தப் பூச்சு வலுவிழந்தாலும், கம்பி இணைப்பில் கோளாறு நேர்ந்தாலும், பிரதி எடுக்கும் நேரத்தில் நினைவகம் தடுமாறினாலும், வரிசையில் சில எழுத்துகள் புரண்டுவிடலாம். மின்னூட்டமாகச் சேமித்து வைக்கும் கருவிகளை வருஷக்கணக்கில் சும்மா போட்டுவைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியும். வீட்டில் பதியும் குறுந்தகடுகளின் சாயம் வெளிச்சம் பட்டால் மங்கும். இவை எதுவும் சத்தம் போட்டு நடப்பதில்லை. கோப்பின் பெயர் அப்படியே இருக்கும், தேதி அப்படியே இருக்கும், அளவுகூட மாறாது. மனிதருக்கு வரும் சில வியாதிகளைப் போல, முகம் பார்த்தால் தெரியாது.

பெல்ஜியத்தில் ஒரு சம்பவம் நடந்தது. 2003 மே 18-ஆம் தேதித் தேர்தலில், பிரஸ்ஸெல்ஸைச் சேர்ந்த ஸ்கார்பேக் பகுதியில், ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவு வாக்குகள் வந்திருந்தன. மறுபடி எண்ணினார்கள். முன்பு எண்ணியதில் சரியாக 4,096 வாக்குகள் அதிகம். இரண்டைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் வரும் எண் அது. நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தில் பூஜ்யம் ஒன்றாகப் புரண்டால் இப்படித்தான் ஆகும். விண்வெளியிலிருந்து வந்த ஒரு கதிர்த் துகள் அதைத் தட்டிவிட்டிருக்கலாம் என்று ஊகித்தார்கள்; நிரூபிக்க வழியில்லை. இதில் என் மனசைத் தைத்தது வேறு விஷயம். எண் அபத்தமாக இருந்ததால் கண்டுபிடித்தார்கள். புரண்டது சின்ன இடமாக இருந்து, நாலு வாக்கோ எட்டு வாக்கோ கூடியிருந்தால் யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? சின்னப் பிழைதான் நீண்ட ஆயுளோடு வாழ்கிறது.

என் கோப்பு எந்த வருஷம் கெட்டது என்று எனக்குத் தெரியாது. முதல் கம்ப்யூட்டரிலிருந்து மாற்றும்போதே கெட்டிருக்க வேண்டும். அதன் பிறகு நான் அக்கறையோடு செய்த காரியமெல்லாம், கெட்டதை மேலும் மேலும் பிரதி எடுத்ததுதான். என்னிடம் மூன்று பிரதி இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரே பிரதி மூன்று இடங்களில் இருந்தது. ஒரு வதந்தியை மூன்று பேர் சொன்னால் மூன்று சாட்சி ஆகிவிடாது. மூவரும் ஒருவரிடமிருந்தே கேட்டிருந்தால் சாட்சி ஒன்றுதான்.

இதைத் தமிழர்களாகிய நாம் ஏட்டுச் சுவடியிலேயே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பனையோலைக்கு ஆயுள் சில நூறு வருஷம். ஓலை நைவதற்கு முன்னால் வேறோர் ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். குறிலையும் நெடிலையும் பல இடங்களில் பிரித்தறிய முடியாது. எழுதுகிறவர் கொஞ்சம் அயர்ந்தால் போதும், ஒரு சொல் இன்னொரு சொல்லாகிவிடும். அதைப் பார்த்து எழுதும் அடுத்தவர், பக்தியோடு அந்தப் பிழையையே எழுதிவைப்பார். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பிரதிகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரு சுவடி கிடைத்ததே போதும் என்று அவர் அச்சுக்குக் கொடுத்திருந்தால், அந்தச் சுவடியின் பிழைகளே இன்று நமக்குச் சிந்தாமணியாக இருந்திருக்கும். வெவ்வேறு ஊரில், வெவ்வேறு கை எழுதிய சுவடிகளில் பிழைகளும் வெவ்வேறு இடத்தில் விழுகின்றன. அதனால்தான் ஒன்றின் பிழையை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது.

வேதத்தை எழுதாமல் காப்பாற்றியவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். கனபாடிகள் சொற்களை முன்னும் பின்னுமாக, இரண்டிரண்டாக, மும்மூன்றாக மடக்கி மடக்கிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு சொல் நழுவினால் அந்தப் பின்னலே அவிழ்ந்து காட்டிவிடும். யூதர்களின் வேத நூலைப் பெயர்த்தெழுதிய மசோரெட்டுகள், ஒவ்வொரு நூலின் முடிவிலும் இத்தனை வசனங்கள் என்று எண்ணிக் குறித்துவைத்தார்கள். எண்ணிக்கை தவறினால் எங்கோ பிழை என்று அர்த்தம்.

இன்றைக்கு இதையே கம்ப்யூட்டர் செய்கிறது. ஒரு கோப்பிலுள்ள எல்லா ஒன்றையும் பூஜ்யத்தையும் கலந்து குழைத்து ஓர் எண்ணாகச் சுருக்குகிறார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு 2002-இல் ஏற்றுக்கொண்ட ஷா-256 என்ற முறையில் அது அறுபத்து நாலு இலக்கமாக வரும். ஐந்நூறு பக்க நாவலில் ஒரு காற்புள்ளியை எடுத்துவிட்டாலும் அந்த எண் அடியோடு மாறிப்போகும். கோப்பு நல்ல நிலையில் இருக்கும் முதல் நாளிலேயே எண்ணைக் கணக்கிட்டுத் தனியாக எழுதிவைத்துக்கொண்டால், எந்த வருஷமும் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடலாம். இதைத் தானாகவே செய்துகொள்ளும் அமைப்புகளும் இருக்கின்றன. 2005-இல் வெளியான இஸட்.எஃப்.எஸ் அவற்றில் ஒன்று. ஒவ்வொரு துண்டுக்கும் சோதனை எண் வைத்திருந்து, சொல்லும்போதெல்லாம் வட்டு முழுவதையும் நடந்து பார்த்துவிட்டு வரும்.

நாவல் எழுதுகிறவனுக்கு இதன் அருமை தெரியும். என் புத்தகத்தின் அச்சுப்படியை நானே திருத்தினால் பிழை கண்ணில் படாது. அச்சில் உள்ளதைப் படிக்காமல், என் மனசில் உள்ளதைப் படித்துக்கொண்டு போவேன். வேண்டியவர்களின் கண்ணுக்குக் குறை தெரிவதில்லை. அன்பு இல்லாத ஓர் எண் நடுவில் நின்று ஆம் அல்லது இல்லை என்று சொல்வது அதனால்தான் தேவைப்படுகிறது.

ஆனால் அந்த எண் பிழை இருக்கிறது என்று சொல்லுமே தவிரத் திருத்தாது. அக்காவும் நானும் நின்ற இடம் அதுதான். அவள் ஒரு பெயர் சொன்னாள், நான் ஒரு பெயர் சொன்னேன். இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் ஒருவர் தவறு என்பது தெரியும். யார் என்பது தெரியாது. அதற்கு மூன்றாவது சாட்சி வேண்டும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த ரிச்சர்டு ஹாமிங்குக்கும் இப்படி ஓர் எரிச்சல் ஏற்பட்டது. வார இறுதியில் அவர் கணக்கை யந்திரத்திடம் விட்டுவிட்டுப் போவார். பிழை ஒன்றைக் கண்டால் யந்திரம் அந்தக் கணக்கை அப்படியே கைவிட்டுவிடும். பிழை உண்டு என்று கண்டுகொள்ளத் தெரிந்த யந்திரத்துக்கு, அது எங்கே என்று கண்டு திருத்த ஏன் முடியாது என்று யோசித்தார். 1950-இல் அதற்கு வழி எழுதினார். 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் இன்னும் வலுவான ஒரு முறையைத் தந்தார்கள். செய்தியோடு கொஞ்சம் உபரி எண்களைச் சேர்த்து எழுதிவைத்தால், ஒரு பகுதி அழிந்தாலும் மிச்சத்தைக் கொண்டு அதை மீட்டுவிடலாம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு இந்தக் கணக்கை நம்பித்தான் பாடுகிறது. தகட்டில் இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்குக் கீறல் விழுந்தாலும் அதில் போனதைக் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும்.

தகடு என்றதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். எங்களுக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. 2003-இல் அக்காவுக்குக் கொடுத்த தகடு! அவள் வீட்டில் அதைப் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லாததால் கல்யாணப் புடவைக்கு நடுவில் வைத்து டிரங்குப் பெட்டியை மூடியவள், அப்படியே மறந்துபோனாள். அசல் தன்னிடம் இருக்க, என்னிடம் இருபது வருஷம் "பத்திரமா இருக்கா" என்று கேட்டிருக்கிறாள். நான் திருச்சிக்குப் போனேன். தகட்டில் ஒன்றிரண்டு கீறல்கள். இருட்டில் இருந்ததால் சாயம் மங்கவில்லை. முப்பத்தோராவது நிமிஷத்தில் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. அம்மா அந்தப் பெயரைச் சொன்னாள். அக்கா சொன்ன பெயர்தான் அது. எனக்கு ஞாபகமிருந்தது எங்கள் பெரியப்பா மகன் ஒருவனின் பெயர். எப்படியோ வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அன்றிரவு நான் நிச்சயமாகத் தெரியும் என்று போன் செய்திருந்தால், அம்மா சொன்னதாக அந்தக் குழந்தைக்கு வேறொருவன் பெயரை வைத்திருப்போம். பிழை ஒரு புதிய பிரதியில் ஏறி, இன்னும் எண்பது வருஷம் நடமாடியிருக்கும்.

தப்பியது என் சாமர்த்தியத்தால் அல்ல. கிளிஃபோர்டின் கணக்கில், கப்பல் கரை சேர்ந்த குற்றவாளி நான்.

பிறகு நான் செய்துகொண்ட ஏற்பாடு இது. மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவியில், ஒன்று வேறு ஊரில். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க நிழற்படக் கலைஞர் பரப்பிய விதி அது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், கம்ப்யூட்டரும் அதன் பிரதியும் ஒரே அறையில் இருந்ததால் இரண்டையும் பறிகொடுத்த சென்னை நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். மூன்று பிரதிகளுக்கும் சோதனை எண்களின் பட்டியல் உண்டு. பழையதன் மேல் புதியதை எழுதுவதில்லை. எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எதையும் அழிப்பது. வருஷத்துக்கு ஒரு நாள், தை மாதத்தில், எல்லாவற்றையும் சரிபார்ப்பது. அன்று அம்மாவின் பேச்சை முழுக்க உட்கார்ந்து கேட்பது. எண் சரியாக இருந்தாலும் கேட்பது.

அப்படி உட்கார்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. என்னிடம் பத்தொன்பதாயிரம் நிழற்படங்கள் இருந்தன. எல்லாவற்றையும் காப்பாற்றுகிறேன் என்று ஒரு மனிதன் சொன்னால், எதையும் பார்க்கப் போவதில்லை என்றுதான் அர்த்தம். பார்த்துக்கொள்ள முடிகிற அளவைத்தான் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை. முன்னூறு படங்களை எடுத்து, யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதிவைத்தேன். எனக்குப் பின் வருகிறவன் தூக்க வேண்டிய சுமை அவ்வளவுதான். மிச்சத்தை நான் அழிக்கவில்லை; அவற்றுக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை.

அக்கா இப்போதும் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். இருபது வருஷப் பழக்கம் சுலபத்தில் போகாது. "ஏண்டா, அம்மா குரல் பத்திரமா இருக்கா?"

"போன தை மாசம் முழுக்கக் கேட்டேன், அக்கா. அன்னிக்குச் சரியா இருந்தது" என்கிறேன்.